வாசிப்பும் வழுவும்: ஆவண வாசிப்பு மென்பொருளின் செப்பனிடப்படாத குறைபாடுகள் பற்றிய ஒரு நோக்கு

அச்சிட்ட நூலொன்றைக் கையிலெடுத்துப் படிக்கும் ஒருவரை அந்நூலிலுள்ள கருத்துகள் தவறான வழியில் இட்டுச்செல்லக்கூடும். ஆயின் அதன் தாளும் மையும் அவருக்கு எத்தீங்கும் செய்வதில்லை. நூல் வைத்த இடத்தில் இருக்கும். அதனைத் திறப்பவரும் மூடுபவரும் படிப்பவரே. வாசிப்பு என்னும் செயலில் வாசகர் இயங்குபவராகவும் நூல் இயங்காப் பொருளாகவும் இருந்துவந்தமையால், வாசிப்பின் ஆபத்து என்பது கருத்துலகு சார்ந்த ஒன்றாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆட்சியாளர் நூல்களைத் தடைசெய்ததும் எரித்ததும் கருத்துக்கு அஞ்சியே.

கணனித் திரையில் ஆவணங்களை வாசிக்கத் தொடங்கிய பின்னர் இந்த உறவு மாற்றமடைந்துவிட்டது. திரையில் நாம் காண்பது ஆவணத்தையன்று. ஆவணத்திலுள்ள தரவுகளைக் கொண்டு ஒரு மென்பொருள் நமக்காக வரைந்து காட்டும் ஒரு பக்கத்தையே நாம் காண்கின்றோம். நமக்கு முன்னர் அந்த ஆவணத்தை வாசிப்பது அம்மென்பொருள். அதன் வாசிப்பில் ஒரு வழு இருக்குமாயின், அவ்வழுவை அறிந்த ஒருவர் தாம் எழுதி அனுப்பும் ஆவணத்தின் மூலம் நமது கணனியைத் தமது ஆணைக்குள் கொண்டுவரலாம். வழு கண்டறியப்பட்டும் அதற்கான திருத்தம் வெளிவராத காலத்தில், எச்சரிக்கையுள்ள வாசகர்கூடப் பாதுகாப்பற்றவராகின்றார்.

இக்கட்டுரையில், 2009ஆம் ஆண்டு அடோபி நிறுவனத்தின் அக்ரோபற் ரீடர் மென்பொருளில் வெளிப்பட்ட ஒரு குறைபாட்டை அடிப்படையாகக் கொண்டு, இத்தகைய வழுக்கள் எவ்வாறு தோன்றுகின்றன, திருத்தப்படாத இடைக்காலத்தில் யார் நன்மையடைகின்றனர், யார் துன்புறுகின்றனர் ஆகிய வினாக்களை நாம் நோக்குவோம். இவ்வினாக்களில் தொழில்நுட்பமும் சமூகமும் பிரிக்கமுடியாதபடி பிணைந்துள்ளன.

1. பக்கத்திலிருந்து பொறிக்கு

அடோபி நிறுவனத்தை 1982இல் ஜோன் வார்னொக், சார்ள்ஸ் கெஷ்கி ஆகிய இருவரும் தொடங்கினர். எந்தக் கணனியில் உருவாக்கப்பட்ட ஆவணமாயினும் அது எந்தக் கணனியிலும் ஒரே தோற்றத்துடன் காட்சிதரவேண்டும் என்ற நோக்குடன் வார்னொக் 1991இல் ‘கமலொட்’ என்ற திட்டத்தை முன்வைத்தார். அதன் பேறாக 1993இல் வெளிவந்ததே பி.டி.எவ். வடிவமாகும். தொடக்கத்தில் விலைக்கு விற்கப்பட்ட வாசிப்பு மென்பொருள் பின்னர் இலவசமாக வழங்கப்பட்டது. 2008இல் அவ்வடிவம் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது.

தமிழருக்கு இவ்வடிவம் தனிப்பட்டதொரு பயனை நல்கியது. யூனிக்கோட் பரவலாவதற்கு முன்னர், பாமினி முதலான எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் தமிழ்க் கட்டுரையொன்றைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. எழுத்தின் வடிவத்தையும் ஆவணத்துக்குள்ளேயே பொதிந்து அனுப்பும் பி.டி.எவ். இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது. இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் பேணும் முயற்சியாக 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் வழியே இன்று நாம் படிக்கும் பழைய இதழ்கள் பலவும் இவ்வடிவிலேயே நம்மை வந்தடைகின்றன. ஆதலால் இவ்வடிவின் நலமும் கேடும் நமக்குத் தொடர்பற்றவையல்ல.

நிலையான பக்கத்தைக் காட்டுவதற்கெனப் பிறந்த இவ்வடிவம் நிலையான பக்கத்துடன் நின்றுவிடவில்லை. நிரப்பக்கூடிய படிவங்கள், ஒலி, ஒளிக்காட்சி, முப்பரிமாண உருக்கள், உள்ளே பொதிந்த வேறு கோப்புகள் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியும் இணைக்கப்பட்டது. அஃதாவது, ஆவணமே கணனிக்குக் கட்டளையிடக்கூடிய நிலை உருவாயிற்று. போட்டி நிறைந்த சந்தையில் ஒவ்வொரு புதிய பதிப்பும் புதிய வசதிகளைக் காட்டியே விற்பனையாகவேண்டும். சேர்க்கப்பட்ட வசதிகளை வேண்டாதவரும் அவற்றைத் தமது கணனியில் சுமக்க நேர்ந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு கட்டுரையைப் படிக்கும் மாணவருக்கு முப்பரிமாண உருவால் ஆகவேண்டியது எதுவுமில்லை. ஆயின் அவ்வுருவை வாசிக்கும் நிரற்பகுதி அவரது கணனியிலும் இருந்தது. அந்நிரலிலுள்ள வழுவும் உடன் இருந்தது.

2. அச்சுக்கோப்பாளரின் எழுத்துப்பெட்டி

2009இல் பிரச்சினைக்குள்ளான பகுதி, ஜேபிக்-2 எனப்படும் படச் சுருக்க முறையை வாசிக்கும் பகுதியாகும். கறுப்பு, வெள்ளை என்ற இரு நிறங்கள் மாத்திரம் கொண்ட படங்களை, குறிப்பாக வருடியிற் பிரதிசெய்த நூற்பக்கங்களை, மிகச் சிறிய கோப்பாகச் சுருக்குவதற்கென 2000ஆம் ஆண்டளவில் இம்முறை நியமமாக்கப்பட்டது. 2001இல் வெளியான பி.டி.எவ். 1.4ஆம் பதிப்பு இதனை ஏற்றுக்கொண்டது.

இதன் அடிப்படையை அச்சுக்கூடத்தைக் கண்டவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அச்சுக்கோப்பாளர் ‘க’ என்னும் எழுத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செதுக்குவதில்லை. எழுத்துப்பெட்டியின் அறையிலிருந்து ஆயத்தமாக வார்த்த அச்சை எடுத்து உரிய இடத்தில் வைக்கின்றார். ஜேபிக்-2 முறையும் ஒரு பக்கத்தின் படத்தில் ஒரே வடிவுடைய குறிகளைக் கண்டறிந்து, ஒவ்வொரு வடிவையும் ஒரு முறை மட்டும் பெட்டியிலிட்டு, பின்னர் ‘இந்த இடத்தில் இத்தனையாவது அச்சை வை’ என்ற குறிப்புகளால் பக்கத்தை விவரிக்கின்றது. இம்முறையில் வடிவொற்றுமையைத் தவறாகக் கணித்தால் நேரும் விபரீதத்தை ஜெர்மனியைச் சேர்ந்த கணனியியலாளர் டேவிட் கிரீசல் 2013இல் வெளிப்படுத்தினார். ஸெரொக்ஸ் வருடிகள் சில, கட்டட வரைபடமொன்றில் வெவ்வேறு பரப்பளவுள்ள அறைகளுக்கு ஒரே எண்ணைப் பதித்திருந்தன. எட்டும் ஆறும் ஒத்தனவாகத் தோன்றியபோது பொறி ஒன்றனிடத்தில் மற்றொன்றை வைத்தது. பிரதி தெளிவாக இருந்தமையால் பிழையென ஐயுறுவதற்கும் இடமிருக்கவில்லை.

பாதுகாப்புக் குறைபாடு வேறொரு வகையினது. கோப்பு தன்னைப் பற்றிக் கூறுவதை வாசிப்பு மென்பொருள் ஆராயாது நம்பிவிடுவதே அதன் வேர். பரீட்சை மண்டபமொன்றை எண்ணிக்கொள்வோம். நாற்பது பேர் வருவர் என்ற அறிவித்தலை நம்பி நாற்பது இருக்கைகள் போடப்படுகின்றன. வருபவரோ அறுபது பேர். வாயிலில் எண்ணிப் பார்ப்பவர் எவருமில்லையாயின், மிகையாக வந்தவர்கள் மண்டபத்தின் எல்லையைக் கடந்து மேற்பார்வையாளரின் மேசையையும் பிடித்துக்கொள்வர். அம்மேசையில் ‘அடுத்து என்ன செய்யவேண்டும்’ என்ற பணிப்புரை இருக்கின்றது. அதனை அகற்றிவிட்டுத் தாம் எழுதிய பணிப்புரையை ஒருவர் வைத்துவிட்டால், பரீட்சை அவர் விருப்பப்படியே நடைபெறும். கணனியின் நினைவகத்தில் நிகழ்வதும் இதுவே. ஒதுக்கிய எல்லைக்கு அப்பால் தரவு எழுதப்படும்போது, அருகிலுள்ள கட்டுப்பாட்டுத் தகவல்கள் அழிகின்றன. அவ்வாறு எழுதப்படும் தரவைத் திட்டமிட்டு அமைப்பவர் கணனியின் அடுத்த செயலைத் தாமே தீர்மானிக்கின்றார்.

தமிழிலக்கண மரபு வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்றைக் கூறும். மென்பொருளிலும் பெரும்பாலான வழுக்கள் அமைதி கொள்ளத்தக்கவை; ஒரு படம் கோணலாகத் தோன்றும், அல்லது மென்பொருள் இடையில் நின்றுவிடும். ஆயின் அந்நியர் ஒருவர் தமது தேவைக்கேற்ப இயக்கத்தக்க வழுவுக்கு அமைதி கூறமுடியாது. தற்செயலான பிழை அவர் கையிற் கருவியாகிவிடுகின்றது.

3. பத்தொன்பது நாட்கள்

2009 பெப்ரவரி 19ஆந் திகதி அடோபி நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. ரீடர், அக்ரோபற் ஆகியவற்றின் 9ஆம் பதிப்பிலும் அதற்கு முந்திய பதிப்புகளிலும் பாரதூரமான குறைபாடு உள்ளதென்றும், அது ஏற்கெனவே தாக்குதல்களிற் பயன்படுத்தப்படுகின்றதென்றும் அவ்வறிவித்தல் ஒப்புக்கொண்டது. பொதுப் பட்டியலில் இக்குறைபாடு சி.வி.ஈ.-2009-0658 என்ற எண்ணைப் பெற்றது. ஷடோசேர்வர் என்னும் தன்னார்வப் பாதுகாப்பு ஆய்வாளர் குழுவும் அதே நாளில், தெரிந்தெடுத்த சிலரைக் குறிவைத்து இத்தாக்குதல்கள் நடைபெறுவதாக எச்சரித்தது.

தாக்குவோர் அறிந்திருக்க, காப்போருக்கு ஆயத்தமாவதற்கு ஒரு நாளேனும் கிடைக்காத இத்தகைய குறைபாட்டைப் ‘பூச்சிய நாள்’ குறைபாடு என்பர். அறிவித்தல் வந்ததே தவிர, ‘ஒட்டு’ எனப்படும் திருத்தம் உடன் வரவில்லை. 9ஆம் பதிப்புக்கான ஒட்டு மார்ச் 10ஆந் திகதி வெளிவந்தது. 7ஆம், 8ஆம் பதிப்புகளுக்கு மார்ச் 18 வரையும், யுனிக்ஸ் கணனிகளுக்கு மார்ச் 24 வரையும் காத்திருக்க நேர்ந்தது. அதாவது, புதிய பதிப்பை உடையோர் 19 நாட்களும், பழைய பதிப்பை உடையோர் 27 நாட்களும், யுனிக்ஸ் பயன்படுத்துவோர் 33 நாட்களும் அறிந்தே ஆபத்துக்குள் இருந்தனர்.

இடைக்காலத்துக்குக் கூறப்பட்ட பரிகாரம், மென்பொருளில் ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்திவைத்தல் என்பதாகும். அறியப்பட்ட தாக்குதல்கள் தமது கட்டளைகளை நினைவகத்திற் பரப்பிவைப்பதற்கு அம்மொழியைப் பயன்படுத்தியமையால், இது ஓரளவு பயனளித்தது. ஆயின் மூல வழு படச் சுருக்கத்தை வாசிக்கும் பகுதியிலே இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் அதனைப் பயன்படுத்த வழியுண்டென்பது விரைவிற் புலனாயிற்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் பெல்ஜிய ஆய்வாளரான டிடியே ஸ்டீவன்ஸ் மேலும் கலக்கந்தரும் ஓர் உண்மையைச் செய்து காட்டினார். விண்டோஸ் கணனியில் கோப்பைத் திறக்கவே வேண்டியதில்லை. கோப்புப் பட்டியலில் அதனைத் தெரிவுசெய்தாலோ, சிறுபடமாகப் பார்த்தாலோ, கோப்பின் விவரங்களை அறிவதற்காக ரீடரின் துணை நிரல் பின்னணியில் அதனை வாசிக்கும்; வழுவும் அப்போதே தூண்டப்படும். ‘அறியாதவர் அனுப்பும் ஆவணத்தைத் திறவாதே’ என்ற அறிவுரை இங்கு பொருளற்றுப் போயிற்று. நாம் வாசிப்பதற்கு முன்னரே பொறி வாசித்துவிட்டது.

இதே காலத்தில் சோர்ஸ்பயர் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்தோர், ரீடர் 9இன் விண்டோஸ் பதிப்புக்கெனத் தற்காலிக ஒட்டொன்றைத் தாமே ஆக்கி வெளியிட்டனர். மூல நிரலைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. இயந்திர மொழியிலுள்ள கோப்பை அலசி, பிழையான இடத்தைக் கண்டு, அதனை மாற்றினர். திருத்துவதற்கான அறிவு வெளியே இருந்ததென்பதையும், அதனைப் பயன்படுத்துவதற்கான உரிமை உள்ளே பூட்டப்பட்டிருந்ததென்பதையும் இச்சம்பவம் ஒருங்கே காட்டுகின்றது.

4. தாமதத்தின் பொருளாதாரம்

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் நாம் கருத்திற் கொள்ளவேண்டும். பல மொழிகளிலும் பல இயங்குதளங்களிலும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் மென்பொருளில் ஓரிடத்தைத் திருத்தினால் வேறோரிடம் கெடக்கூடும். அவசரமாக வெளியிட்ட ஒட்டு அலுவலகங்களின் வேலையை முடக்கினால், அடுத்த ஒட்டை எவரும் நம்பி ஏற்கமாட்டார். சோதனைக்குக் காலம் தேவை என்பது மெய்யே.

ஆயின் அக்காலத்தின் அளவை யார் தீர்மானிக்கின்றார் என்பதே கேள்வி. 2009 மே மாதத்தில், இனி மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஒழுங்காக ஒட்டுகளை வெளியிடுவதாக அடோபி அறிவித்தது. முதலாவது தொகுதி ஜூன் 9இல் வந்தது. அவ்வாண்டு டிசெம்பர் நடுப்பகுதியில் ரீடரின் ஜாவாஸ்கிரிப்ட் பகுதியில் வேறொரு குறைபாடு தாக்குதலுக்குள்ளாகியிருப்பது தெரியவந்தபோது, நிறுவனம் இடையில் தனியொட்டு வெளியிடாது, அடுத்த காலாண்டுத் தொகுதியுடன் 2010 ஜனவரி 12இல் திருத்தத்தை வழங்கத் தீர்மானித்தது. ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழிந்தன. ஒழுங்கான நாட்காட்டி பெரிய நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு வசதியானது. தாக்குவோர் அந்நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவரல்லர்.

குறைபாட்டைக் கண்டறிபவர் அதனை உடனே பகிரங்கப்படுத்தவேண்டுமா, அன்றி உற்பத்தியாளருக்கு இரகசியமாக அறிவித்துக் காத்திருக்கவேண்டுமா என்ற விவாதம் நீண்டகாலமாக நடைபெறுகின்றது. பகிரங்கப்படுத்தினால் தாக்குவோர் தொகை பெருகும். மறைத்தால் உற்பத்தியாளர் அசையார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகக் காலவரையறை இடும் வழக்கம் வலுப்பெற்றது. ஏற்கெனவே தாக்குதலிலுள்ள குறைபாட்டுக்கு ஏழு நாட்கள் போதுமென கூகிள் 2013இல் கூறியது. 2014இல் அது தொடங்கிய புரொஜெக்ட் ஸீரோ என்னும் ஆய்வுக்குழு, ஏனையவற்றுக்குத் தொண்ணூறு நாட்களை எல்லையாக விதித்தது. ஒரு தனியார் நிறுவனம் மற்றொரு தனியார் நிறுவனத்துக்கு விதிக்கும் தவணையே பொதுமக்களின் பாதுகாப்புக்கு அளவுகோலாக அமைந்தமை கவனிக்கத்தக்கது.

மூன்றாவதொரு வழியும் உண்டு: கண்டறிந்ததை விற்றல். 2015இல் ஸீரோடியம் என்னும் நிறுவனம், அப்பிள் கைத்தொலைபேசியின் இயங்குதளத்தை வெல்லும் வழியொன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் தருவதாகப் பகிரங்கமாக அறிவித்தது. இத்தகைய நிறுவனங்கள் தாம் வாங்கியதை அரசு நிறுவனங்களுக்கு விற்கின்றன. இங்கு பண்டமாக மாறியுள்ள பொருளின் தன்மையை நாம் ஆராய்தல் வேண்டும். சாதாரண பண்டம் பலருக்குப் பயன்படுவதாற் பெறுமதி பெறுகின்றது. செப்பனிடப்படாத குறைபாடோ மற்றவர் அறியாதிருப்பதனாலேயே பெறுமதி பெறுகின்றது. அது அறியப்பட்டுத் திருத்தப்படும் நாளில் அதன் விலை பூச்சியமாகின்றது. ஆகவே அதனை வாங்கியவருக்கு, கோடிக்கணக்கான மக்களின் கணனிகள் திருத்தப்படாமலே இருக்கவேண்டும் என்பதிற் பொருளாதார நலன் உண்டு. பொதுமக்களின் பாதுகாப்பின்மையே சிலரது மூலதனமாகும் இந்நிலை, தொழில்நுட்பக் குறைபாடு என்ற சொல்லுக்குள் அடங்காது.

5. குறிவைக்கப்படுவோர்

இக்குறைபாடுகளால் எல்லோரும் ஒரே அளவிற் பாதிக்கப்படுவதில்லை. விலையுயர்ந்த ஆயுதத்தை எவரும் கண்டபடி வீசுவதில்லை. அது எதிர்க்கருத்துடையோரையும், செய்தியாளரையும், உரிமை இயக்கத்தவரையும் நோக்கியே முதலில் எறியப்படுகின்றது. அவர்களது தொழிலே ஆவணங்களைப் பெற்று வாசிப்பதாகும். அறியாதவர் அனுப்பும் ஆவணத்தைத் திறவாத செய்தியாளர் தமது தொழிலைச் செய்யமுடியாது.

ரீடரின் முதலாவது குறைபாடு திருத்தப்பட்ட அதே மாதத்தில், 2009 மார்ச் 29ஆந் திகதி, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் ஆய்வாளரும் அவர்தம் கூட்டாளிகளும் ‘கோஸ்ட்நெற்’ என்று தாம் பெயரிட்ட உளவு வலையமைப்புப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். 103 நாடுகளில் 1,295 கணனிகள் அதற்குள் அகப்பட்டிருந்தன. வெளிநாட்டு அமைச்சுகளும் தூதரகங்களும் அவற்றுள் அடங்கின. தர்மசாலாவிலுள்ள தலாய் லாமாவின் அலுவலகமும் அகப்பட்டது. அங்கு கருவியாக அமைந்தது பி.டி.எவ். அன்று; திபெத்தியரின் விடுதலை இயக்கம் தொடர்பான மொழிபெயர்ப்பு எனப் பெயரிட்டு மின்னஞ்சலுடன் அனுப்பிய சொற்செயலி ஆவணமாகும். பெறுபவர் எதில் அக்கறை கொண்டவரோ அதனையே தலைப்பாகக் கொண்டு அது எழுதப்பட்டிருந்தது. ஆய்வாளர் அவ்வாவணத்தை 34 நச்சுநிரல் தடுப்பு மென்பொருட்களிடம் சோதித்தபோது 11 மட்டுமே அதனை இனங்கண்டன.

ஆவண வடிவம் வேறாயினும் வழிமுறை ஒன்றே. வாசகரின் அக்கறை தூண்டிலாகவும், வாசிப்பு மென்பொருளின் வழு முள்ளாகவும் அமைகின்றன. ஒருவர் எதனை வாசிக்க விரும்புகின்றார் என்பதை அறிந்தவரே அவரை வீழ்த்த முடிகின்றது.

6. பன்னிரண்டு ஆண்டுகளின் பின்

2009இல் வெளிப்பட்ட வழு அன்றுடன் முடிந்துவிட்டதென்று கொள்வது தவறு. ஜேபிக்-2 முறையை வாசிக்கும் வேறு மென்பொருட்களிலும் அதனையொத்த குறைபாடுகள் தொடர்ந்து வெளிவந்தன. 1995இல் வெளிவந்த எக்ஸ்பி.டி.எவ். என்னும் திறந்த மூல வாசிப்பு மென்பொருளிலும், அதன் நிரலைத் தழுவிய ஏனையவற்றிலும் 2009 ஏப்ரலில் பல வழுக்கள் திருத்தப்பட்டன.

2021 மார்ச் மாதத்தில், சவூதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரின் கைத்தொலைபேசியைச் சிற்றிசன் லாப் ஆராய்ந்தது. இஸ்ரேலைச் சேர்ந்த என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் அதிற் புகுந்திருந்தது. புகுந்த வழி பின்னர் வெளிப்பட்டது: ஜிவ் படக்கோப்பின் பெயர்விகுதியுடன் குறுஞ்செய்தியாக வந்தவை உண்மையில் பி.டி.எவ். கோப்புகள், அவற்றுள் இருந்தது ஜேபிக்-2 படம். அப்பிள் நிறுவனத்தின் வாசிப்பு நிரல் எக்ஸ்பி.டி.எவ். நிரலைத் தழுவியது. பெட்டியிலுள்ள அச்சுகளின் மொத்தத் தொகையைக் கூட்டும்போது, அத்தொகை 32 இரும எண்களின் எல்லையான ஏறத்தாழ 429 கோடியைக் கடந்தால், வாகனத்தின் தூரமானி இறுதி எண்ணைத் தாண்டி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குவது போல் அது சிறிய எண்ணாக மாறிவிடும். சிறிய எண்ணுக்கேற்பச் சிறிய இடம் ஒதுக்கப்படும். வந்து சேரும் தரவோ பெரிது. பரீட்சை மண்டபத்தின் கதையே மீண்டும் நிகழ்ந்தது. பயனர் எதனையும் தொடவேண்டியிருக்கவில்லை. செய்தி வந்து சேர்ந்ததே போதுமாயிற்று.

அவ்வாண்டு டிசெம்பரில் புரொஜெக்ட் ஸீரோ வெளியிட்ட பகுப்பாய்வு வியப்புக்குரியது. ஜேபிக்-2 முறையில் ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல்மொழி எதுவுமில்லை. ஆயின் ஒரு படத்தின் மீது மற்றொரு படத்தைச் சில தருக்கவிதிகளின்படி பதிப்பதற்கு அதில் வசதியுண்டு. அத்தருக்கவிதிகளையே செங்கற்களாகக் கொண்டு, 70,000க்கும் மேற்பட்ட கட்டளைத் துண்டுகளால், கூட்டவும் ஒப்பிடவும் வல்ல ஒரு சிறு கணனியையே அப்படத்துக்குள் கட்டியிருந்தனர். ஒரு பக்கத்தின் சுருக்கப்பட்ட படம் என நாம் கருதுவது, சிந்திக்கும் பொறியாகவும் அமையக்கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

அப்பிள் 2021 செப்டெம்பர் 13இல், தனக்கு அறிவிக்கப்பட்டு ஒரு வாரத்துள், ஒட்டை வெளியிட்டது. எனினும் அதே வழு எக்ஸ்பி.டி.எவ். மென்பொருளில் 2022 ஏப்ரலில் வெளியான பதிப்பிலும், லினக்ஸ் கணனிகளிற் பரவலாகப் பயன்படும் பொப்ளர் நிரற்றொகுதியில் 2022 செப்டெம்பரிலுமே திருத்தப்பட்டது. ஒரு நிரலிலிருந்து பிரதிசெய்யப்பட்ட வழு பல வீடுகளிற் குடியேறியிருந்தது. ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த அறிஞர்கள், ஒரு மூலத்திலிருந்து பெயர்த்தெழுதிய ஏடுகள் யாவும் அம்மூலத்தின் பிழையையும் சுமந்திருப்பதைக் கண்டனர். அது போன்றதே இதுவும். ஓர் ஏட்டைத் திருத்துவதால் மற்றவை திருந்திவிடுவதில்லை.

இவ்வனுபவம் நமது முற்போக்கு வட்டாரங்களில் நிலவும் ஓர் எளிய முடிபையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது. மூடிய நிரலுக்கு மாற்றாகத் திறந்த நிரல் என்பது சரியான திசையே. பிழையைக் காணவும் திருத்தவும் எவருக்கும் அங்கு உரிமையுண்டு. ஆயின் உரிமை இருப்பதும், அவ்வுரிமையைப் பயன்படுத்தி நிரலைக் காலந்தோறும் பரிசோதிக்கும் உழைப்பு இருப்பதும் ஒன்றல்ல. உலகெங்கும் பயன்படும் ஒரு நிரலைச் சிலர் ஊதியமின்றிப் பராமரிக்க, அதனைக் கொண்டு பெருநிறுவனங்கள் இலாபமீட்டும் நிலை தொடருமட்டும் திறந்த நிரலின் வாக்குறுதி அரைகுறையாகவே இருக்கும்.

7. செய்யத்தக்கன

தொழில்நுட்ப முனையில் பயனுள்ள மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 2010 நவம்பரில் வெளியான ரீடரின் பத்தாம் பதிப்பு, ஆவணத்தை வாசிக்கும் பகுதியைக் கணனியின் ஏனைய பகுதிகளிலிருந்து பிரித்து வேலியிட்ட ஓரிடத்தில் இயங்கச் செய்தது. வழு இருந்தாலும் தீங்கு வேலிக்குள் நிற்கவேண்டும் என்பதே இதன் எண்ணம். 2013 பெப்ரவரியில் அவ்வேலியையும் தாண்டிய தாக்குதல் வெளிப்பட்டது. ஆயினும் தாண்டுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழுக்கள் தேவைப்பட்டமையால், தாக்குதலின் செலவு உயர்ந்தது. எல்லையைத் தானே சரிபார்க்கும் நிரல்மொழிகளில் இப்பகுதிகளை மீள எழுதுவது இதனினும் அடிப்படையான பரிகாரமாகும்.

தனிப்பட்ட வாசகர் செய்யக்கூடியன சில உள. ஒட்டு வந்தவுடன் அதனை ஏற்றுக்கொள்ளல், வேண்டாத வசதிகளை, குறிப்பாக ஆவணங்களுக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட்டை, நிறுத்திவைத்தல், ஐயத்துக்குரிய ஆவணங்களை முக்கிய தகவல்கள் இல்லாத தனிக்கணனியில் திறத்தல் என்பன அவை. ஆயின் ஒட்டை ஏற்கும் வசதியும் எல்லோர்க்கும் சமமாகக் கிட்டுவதன்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8ஆந் திகதியுடன் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கு ஒட்டு வழங்குவதை நிறுத்திக்கொண்டது. புதிய கணனி வாங்க வசதியற்ற நிறுவனங்களும் நாடுகளும் பழையதையே தொடர்ந்து பயன்படுத்தின. உரிமம் பெறாத பிரதிகளைப் பயன்படுத்துவோரிற் பலருக்கும் வந்த ஒட்டு வராததே. ஏழைக்குப் பூச்சிய நாள் முடிவடைவதில்லை.

ஆதலால் இதனைத் தனிமனித எச்சரிக்கைக்குரிய விடயமாக மாத்திரம் கருதுவது போதாது. பொது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் தாம் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருள் எது, அதன் நிரலைப் பார்க்கும் உரிமை யாருக்குண்டு, ஒட்டு எத்தனை ஆண்டுகளுக்கு உறுதிப்படுத்தப்பட்டுள்ளது என்ற வினாக்களை எழுப்பவேண்டும். குறைபாட்டை அறிந்த உற்பத்தியாளர் எத்தனை நாட்களுக்குள் திருத்தவேண்டும் என்பதை அவரது வசதிக்கு விட்டுவிடாது, சட்டத்தின் மூலம் வரையறுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய இணையத் தாங்குதிறன் சட்டம், தாக்குதலுக்குள்ளாகும் குறைபாட்டை அறிந்த உற்பத்தியாளர் அதனை அதிகாரிகளுக்கு விரைந்து அறிவிக்கவேண்டும் எனவும், பொருளின் ஆதரவுக் காலத்தில் ஒட்டுகளை வழங்கவேண்டும் எனவும் விதித்துள்ளது. இத்திசையிற் சிந்திக்க நமது நாட்டிலும் இடமுண்டு. குறைபாடுகளை வாங்கிச் சேமித்துத் தம் குடிமக்கள் மீதே அரசுகள் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தாமல், மக்களின் கணனிப் பாதுகாப்புப் பற்றி அவ்வரசுகள் பேசுவது முரண்பாடாகவே அமையும்.

வாசிப்பு ஒரு பொதுச்சொத்து. எழுத்தறிவைப் பரப்புவதற்கும், நூல்களை எல்லோர் கைக்கும் எட்டச் செய்வதற்கும் நமது முன்னோர் மேற்கொண்ட முயற்சிகளின் தொடர்ச்சியாகவே மின்னூல்களையும் நாம் காண்கின்றோம். அன்று நூலை அடைதலே பிரச்சினையாக இருந்தது. இன்று நூல் கைக்கு எட்டிய பின்னரும், அதனை நமக்காக முதலில் வாசிக்கும் பொறி யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளது என்ற பிரச்சினை எழுந்துள்ளது. 2009இன் பத்தொன்பது நாட்கள் எழுப்பிய இவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பைக் கணனியியலாளரிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு ஏனைய துறையினர் ஒதுங்கியிருத்தல் பொருந்தாது. வாசிப்பவர் யாவர்க்கும் அப்பொறுப்பிற் பங்குண்டு.